சுவருக்கு அந்தப் பக்கம் எதை விடுகிறோம்?

புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே, தமிழர் பகுதியில், இடிபடாமல் தப்பிய பழைய வீடு ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் அதன் தெருவோரத்தைப் பாருங்கள். தூண்கள் தாங்கும் சாய்ப்பு, அதன் கீழே தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை. தாழ்வாரம் தெருவில் போகிறவருக்கு. திண்ணை வீட்டைத் தேடி வருகிறவருக்கு. அதற்குப் பிறகுதான் வாசற்படியும் வீட்டுக்காரரும். கல்வே சுப்பராய செட்டி வீதியில், அதாவது ஊர் வழக்கில் வைசியாள் வீதியில், இந்த வரிசை இன்னும் ஓரளவு மிச்சமிருக்கிறது. சித்திரை வெயிலில் அந்தத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு, காம்பவுண்டு சுவரும் கிரானைட் சாய்தளமும் உள்ள புதுநகர் ஒன்றிலும் நடந்து பார்த்தால் வித்தியாசம் காலுக்கே தெரியும்.

கட்டடக் கலையின் ஆழ்ந்த நோக்கம் என்ன, இயற்கையில் மனிதனுக்கு என்ன இடம் என்றெல்லாம் மேடையில் நிறையப் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால் ஒரு கேள்வி போதும். வெயில், காற்று, மழை, மண் என்று தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்ட பிறகு, இந்தக் கட்டடம் சுவருக்கு அந்தப் பக்கம் எதை விடுகிறது? பக்கத்து வீடும் தெருவும் மரமும் நிலத்தடி நீரும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

வெயிலில் தொடங்கலாம். இந்த ஊர் ஏறக்குறைய 12 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் அது வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். வடக்குச் சுவரில் வெயிலே படாது என்ற எண்ணம் வடநாட்டுப் புத்தகங்களிலிருந்து வந்தது, நமக்குப் பொருந்தாது. ஜூன் 21 நண்பகலில் சூரியனின் உயரம் வடக்கே சுமார் 78 பாகை, டிசம்பர் 21இல் தெற்கே சுமார் 55 பாகை. நான்கடி உயர ஜன்னலுக்கு நண்பகல் நிழல் முழுதாக விழ, வடக்கில் 10 அங்குல சன்ஷேடு போதும். தெற்கில் 2 அடி 10 அங்குலம் வேண்டும். மேஸ்திரி நான்கு பக்கமும் ஒரே அளவாக ஒன்றரை அடி இழுத்துவிடுவார், சென்ட்ரிங் பலகை அந்த அளவில் இருக்கிறது என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது.

மேற்குப் பக்கம்தான் உண்மையான தலைவலி. மாலை நான்கு மணி வெயில் சுமார் 30 பாகையில் வருகிறது. அதே ஜன்னலை மறைக்க ஏழடி நீட்ட வேண்டும், அதற்குப் பெயர் சன்ஷேடு இல்லை, வராந்தா. இடமில்லாதவர்கள் செங்குத்தாக மறைக்கலாம்: சுவரிலிருந்து ஓரடி தள்ளி செங்கல் ஜாலி (துளை விட்டுக் கட்டிய சுவர்), மூங்கில் தட்டி, அல்லது மரம். மரம் என்றால் சுவரிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளிப் புன்னை, பூவரசு, வேம்பு. உப்புக் காற்றைத் தாங்கும் இந்த மரங்களை விட்டுவிட்டு, பூவுக்காகக் குல்மொஹர் வைக்கிறவர்கள் 2011 டிசம்பர் 30ஐ நினைத்துக்கொள்ளட்டும். அன்று காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. வலுவில்லாத கட்டையும் அகன்ற தலையும் உள்ள மரம், காற்றுக்கு முதலில் வீட்டின் மேல்தான் சாயும்.

இந்தக் கணக்கை எல்லாம் தெரிந்து கட்டிய கட்டடம் ஒன்று ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி. டோக்கியோவில் தொழில் செய்துகொண்டிருந்த அன்டோனின் ரேமண்டின் வடிவமைப்பு. ஜார்ஜ் நகாஷிமாவும் ஃபிரான்சுவா சாமரும் இங்கேயே தங்கி வேலையைப் பார்த்தார்கள். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி, போர்க்காலத்திலும் நடந்தது. நீண்ட முகங்கள் வடக்கும் தெற்கும் பார்க்கின்றன. அந்த முகங்களில் ஜன்னலே இல்லை, மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய கிடைமட்டத் தகடுகள். அறைகள் ஒரே வரிசை, பக்கத்தில் நடைபாதை, நடுவே தேக்குப் பட்டிகளாலான நகரும் கதவு. கதவைச் சாத்தினாலும் பட்டிகளின் இடுக்கு வழியே காற்று ஓடும். தட்டையான தளத்துக்கு மேலே வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளால் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் சூடு தங்காமல் போய்விடுகிறது. அன்றைய வழக்கப்படி, முகப்பிலுள்ள அந்தக் கிடைமட்டத் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டில் செய்தவை. அதை மட்டும் யாரும் பின்பற்ற வேண்டாம்.

வீட்டில் இதைச் சிறிய அளவில் செய்ய முடியும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு, நம்முடையதைப் போன்ற ஈரவெப்பப் பகுதிக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு கேட்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. ஆறடிக்கு நான்கடி யுபிவிசி ஜன்னல் வைத்தால் 24 வந்துவிட்டதே என்று தோன்றும். அது நகரும் ஜன்னல், பாதிதான் திறக்கும், 12 சதுர அடி. அதில் கொசுவலை அடித்தால் காற்று இன்னும் குறையும். கீல் வைத்துத் திறக்கும் பழைய மர ஜன்னலே இந்தக் கணக்கில் ஜெயிக்கிறது. மதியத்துக்கு மேல் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து வரும், அந்தப் பக்கம் உட்கார்ந்தால் முகத்தில் படும் உயரத்தில் ஒரு திறப்பு. எதிர்ச்சுவரில் உயரமாக, அதே அளவில் அல்லது கொஞ்சம் பெரியதாக இன்னொன்று. வெளியேற வழியில்லாத அறைக்குள் காற்று நுழையாது.

முற்றம் உள்ள வீட்டுக்காரர்கள் மழைக்கும் குரங்குக்கும் பயந்து அதன் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடிவிடுகிறார்கள். மேலே போகும் சூடு அங்கேயே தேங்கி, பிறகு ஏசி வாங்க வைக்கிறது. மூடித்தான் ஆக வேண்டுமென்றால் கூரை மட்டத்திலிருந்து இரண்டடி தூக்கி, நான்கு பக்கமும் கம்பிவலை விட்டு மூடுங்கள்.

ஏசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து எடுப்பது சுமார் 5.3 கிலோவாட் சூடு. அதற்கு அது தின்னும் மின்சாரத்தையும் சேர்த்தால் வெளியே தள்ளுவது ஆறரை கிலோவாட்டுக்கு மேல். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறேழைச் சூடாக்கி மூன்றடிச் சந்தில், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு எதிரே வரிசையாக வைத்ததுபோல. அவரும் ஜன்னலைச் சாத்திவிட்டு ஒன்று வாங்குவார். அவுட்டோர் யூனிட்டை மாடிக்கு ஏற்றினால் செம்புக் குழாய்க்குக் கொஞ்சம் கூடச் செலவாகும். அந்தச் செலவு செய்யத் தகுந்தது.

சுவருக்கு வருவோம், இந்தக் கரையில் அதிகம் கெடுவது அதுதான். பழைய வீடுகளின் செங்கல் சுவருக்கு அடியில் ஈரத்தடை கிடையாது. நிலத்து ஈரம் உப்பையும் சேர்த்துக்கொண்டு மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சில் அந்த ஈரம் வழியெல்லாம் ஆவியாகிவிடுவதால், இரண்டு மூன்று அடியோடு நின்றுவிடும். அதைச் சுரண்டிவிட்டு சிமென்ட் பூசி, புட்டி இழுத்து, எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஐந்தடி, ஆறடி என்று மேலே ஏறிப் போய் வெளியே வருகிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு பூத்து, படிகம் பருத்து, செங்கல்லின் முகத்தையே தள்ளிக்கொண்டு விழுகிறது. கையால் தட்டிப் பாருங்கள், டொக்கென்று பொள்ளலாகச் சத்தம் வந்தால் உள்ளே பிடிப்பு போய்விட்டது.

சரிசெய்ய அவசரமே கூடாது. ஈரக்கோட்டுக்கு ஓரடி மேல்வரை சிமென்ட் பூச்சை உளியால் எடுங்கள், இயந்திரம் வேண்டாம். செங்கல் இடுக்குகளை 15 முதல் 20 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீறுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, அந்தத் தூளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் செங்கல்லுக்குள்ளேயே போகும். ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமனே காய விட முடிந்தால் நல்லது. பிறகு கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, சல்லடையில் சலித்து, தண்ணீருக்கடியில் குறைந்தது இரண்டு வாரம் ஊறவைத்தது ஒரு பங்கு, உப்பில்லாத மணல் இரண்டு முதல் மூன்று பங்கு. ஒரு பூச்சு 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது இங்கே பழைய பழக்கம், கலவை இழுக்கச் சுலபமாகவும் கெட்டியாகவும் வரும். மேல்காற்று அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் பூசினால் ஒரே நாளில் காய்ந்து மயிரிழை விரிசல் விழும். தை, மாசிதான் தோது. ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது நனைக்க வேண்டும். மேலே சுண்ணாம்பு வெள்ளை மட்டும், பிளாஸ்டிக் பெயின்ட் எதுவும் வேண்டாம். இந்தப் பூச்சும் சில வருடங்களில் உப்பை வாங்கிக்கொண்டு உதிரும். அது உதிர்ந்தால் செங்கல் பிழைக்கும். மறுபடியும் பூசுகிற கொத்தனாருக்கு வேலையும் இருக்கும்.

புதுக் கட்டடத்தில் உப்பு தேடி வருவது கம்பியை. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 விதிப்படி கடற்காற்றுக்கு முகம் கொடுக்கும் கான்கிரீட் ‘கடுமை’ வகை: எம்30 தரம், தண்ணீர்–சிமென்ட் விகிதம் 0.45க்குள், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர். ஒரு மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர்தான், அதில் மணலின் ஈரமும் அடக்கம். கலவை ஓடவில்லை என்று சித்தாள் ஒரு பக்கெட் கூட ஊற்றும்போதே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். முதலில் போவது சன்ஷேடு. மூன்று அங்குலக் கனத்தில் 45 மில்லிமீட்டர் கவர் விட்டால் கம்பி நடுவில் போய்விடும், சன்ஷேடுக்கோ கம்பி மேல்பக்கம் இருக்க வேண்டும். ஆகவே சுவரை ஒட்டி ஐந்து அங்குலக் கனம் வைத்து நுனியில் குறையுங்கள். கான்கிரீட் போடும்போது யாரும் அந்தக் கம்பியை மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். துரு பருத்து கான்கிரீட் பெயர்ந்தால் கீழே நடப்பவர் தலையில் விழும். முப்பது வருடத்தில் இடித்துக் கட்டினால் பெண்ணையாற்றிலிருந்து இன்னொருமுறை மணல், இல்லையென்றால் எங்கோ ஒரு மலையை உடைத்த எம்-சாண்ட்.

மண் கல்லையும் சொல்லிவிடுகிறேன். ஆரோவில்லில் 1989இல் தொடங்கிய மண் கட்டுமான நிலையம், அந்த மேட்டுச் செம்மண்ணில் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய, சுடாத கற்களைப் பரப்பியது. மேல்மண்ணை வழித்து ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும், வேரும் இலைமக்கும் கலந்தால் கல் பிடிக்காது. களி அதிகமானால் வெடிக்கும், மணல் சேர்த்துச் சரிக்கட்டலாம். நான்கு வாரம் பதப்படுத்த வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தக் கல்லைவிட மண் எடுத்த குழி. எங்கே குளம் வேண்டுமோ, எங்கே கழிவுநீர்த் தொட்டி வேண்டுமோ அங்கேதான் தோண்டுவார்கள்.

இனி மழை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஆயிரம் சதுர அடி மாடி என்றால் அது 42,000 லிட்டருக்கும் அதிகம். அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதுதான் அக்கம்பக்கத்தாரோடு வந்த சண்டைகளுக்கெல்லாம் மூலம். தாழ்ந்த மனை என்றால் மனை முழுக்க மூன்றடி மண் கொட்டி உயர்த்துகிறார்கள், தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் போகிறது. அவரும் அடுத்து உயர்த்துகிறார். மனையை அதன் மட்டத்திலேயே விட்டுவிட்டு, அஸ்திவாரத்தின் மேல் வீட்டை மட்டும் சாலையிலிருந்து மூன்றடி தூக்குங்கள். சுற்றியுள்ள இடத்தில் சிமென்ட் தளம் போடாதீர்கள்.

மாடிக்குப் பத்தடிக்கு ஒன்றேகால் அங்குலம் வாட்டம், நான்கு அங்குலக் குழாய் குறைந்தது இரண்டு, ஒன்றில் இலை அடைத்தால் இன்னொன்று ஓடும். கீழே மூன்றடி விட்டத்தில் உறை இறக்கி, பன்னிரண்டு முதல் பதினைந்து அடி ஆழத்துக்கு ஒரு மழைக்கிணறு. அதற்கு முன்னால் ஜல்லி, மணல் போட்ட சிறு வடிகட்டித் தொட்டி. கிணற்றுக்குள் ஜல்லி நிரப்புவது வீண், பாதிக்கு மேல் இடத்தை அதுவே அடைத்துக்கொள்ளும். மாடித் தண்ணீரை நேராக போர்வெல்லுக்குள் விடுவது அதைவிட மோசம், வண்டல் போய் வடிகட்டிக் குழாயை அடைத்துவிடும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உறிஞ்சப்படும் அளவுக்கு உப்புநீர் உள்ளே வருகிறது. அதைப் பின்னுக்குத் தள்ள நம்மிடம் இருப்பது இந்த மாடித் தண்ணீர்தான். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலேறிவிட்டால் கிணறு குடிக்காது. அது குடிப்பது ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மழையை. எனவே ஆடியிலேயே மூடியைத் திறந்து, வடிகட்டி மணலை மாற்றி, கொசுவலையில் ஓட்டை இருந்தால் தைத்துவிடுங்கள். அடியில் தேங்கிய வண்டலைப் புன்னைக்கோ பூவரசுக்கோ போட்டுவிடலாம்.