மாந்தேக்கா என்றால் வெண்ணெய் இல்லை

மாந்தேக்கா என்ற எஸ்பானியச் சொல்லுக்கு வெண்ணெய் என்று பொருள் என ஒன்றரை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். வெண்ணெய்க்கு இங்கே மெக்சிகோவில் மாந்தேக்கீயா என்று பெயர். மாந்தேக்கா என்பது பன்றிக் கொழுப்பு. வால் பகுதியில் ஓரெழுத்து கூடிக் குறைவதில் ஒரு சைவக் குடும்பத்தின் தலைமுறை தலைமுறையான ஆசாரம் வழுக்கிப் போகும் என்பது, பாட்ஸ்குவாரோ ஊரின் சந்தையில் கொருந்தா என்ற இலையில் பொதிந்த சோளக் கொழுக்கட்டையில் மூன்றாவதைத் தின்று கையைத் துடைத்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

நவம்பர் மாதத்தின் மூன்றாவது திங்கட்கிழமை, 1910ஆம் ஆண்டுப் புரட்சியின் நினைவாக மெக்சிகோவில் விடுமுறை. சனி, ஞாயிறோடு சேர்த்து மூன்று நாள் கிடைத்ததால், என் கணவர் மிச்சோவாகான் மாநிலத்திலுள்ள பாட்ஸ்குவாரோவுக்குப் போய்வரலாம் என்றார். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம், ஏரி, குளிர், மூடுபனி என்று அவர் அடுக்கியபோது, திருமணமான புதிதில் போன கொடைக்கானலைத்தான் அவர் மெக்சிகோவில் தேடுகிறார் என்பது புரிந்தது. நாங்கள் குடியிருக்கும் கெரெத்தாரோ நகரிலிருந்து கிளம்பி, மோரெலியாவில் பேருந்து மாறி, பொழுது சாயும் நேரத்தில் போய்ச் சேர்ந்தோம்.

ஊர் அழகுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சுவர்களெல்லாம் வெள்ளை, அடிப்பகுதியில் மட்டும் இடுப்புயரத்துக்குக் காவிச் சிவப்பு, மேலே ஓட்டுக்கூரை. நம் கோவில் மதிலில் நெட்டுக்குத்தாக நிற்கும் பட்டைகளை யாரோ படுக்கப் போட்டுவிட்டதைப் போலிருந்தது. வங்கியானாலும் மருந்துக்கடையானாலும் பெயர்ப்பலகையில் ஒரே வகைக் கறுப்பு எழுத்து, முதலெழுத்து மட்டும் சிவப்பு. இறந்தோர் நாள் கழிந்து இரண்டு வாரமாகியும் சில வாசல்களில் கேந்திப்பூ காய்ந்து தொங்கியது. நம் ஊரில் சவத்தேரில் பார்த்த அந்தப் பூவுக்கு இந்த நாடுதான் பிறந்தகம்.

மறுநாள் காலை சின்னச் சதுக்கத்தை ஒட்டிய சந்தைக்குப் போனோம். நீலக்கோடு போட்ட சால்வையைப் போர்த்திய ஒரு கிழவி, துணி மூடிய கூடையோடு தரையில் அமர்ந்திருந்தாள். துணியை விலக்கியதும் ஆவி எழுந்தது. உள்ளே நீண்ட பச்சை இலைகளில் முக்கோணமாக மடித்துச் செருகிய பொட்டலங்கள். கட்டுக் கயிறு கிடையாது. இலையின் நுனியே மடிப்புக்குள் நுழைந்து முடிச்சாகிவிடுகிறது. அது கதிரை மூடியிருக்கும் மட்டையன்று, மக்காச்சோளத் தட்டையில் வளரும் நீள இலை. கிழவி ஒன்றைப் பிரித்துத் தந்தாள். இலையின் நரம்புகள் வரிவரியாக மாவின் மேல் பதிந்திருந்தன.

அந்த வரிகளைப் பார்த்ததும் நான் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டேன். கார்த்திகைத் திருநாளன்று ஆச்சி பனங்குருத்தோலையைத் துடைத்து, பச்சரிசி மாவும் உடன்குடிக் கருப்பட்டியும் தேங்காய்த் துருவலும் சிறுபயறும் பிசைந்து உள்ளே வைத்து, ஓலை நாராலேயே கட்டிப் பானையில் அடுக்குவாள். கோவில் வாசலில் சொக்கப்பனை எரிந்து முடிந்து வீடு திரும்பினால் ஓலையைப் பிரிக்கும் மணம்தான் எங்களை வரவேற்கும். கொழுக்கட்டையின் மேல் ஓலையின் வரிகள் இப்படியேதான் பதிந்திருக்கும். கார்த்திகை மாதம் பிறந்த அந்த வாரத்தில், பாதி உலகம் தாண்டி, ஒரு கிழவி தரையில் உட்கார்ந்து அதை எனக்கு நீட்டினால் நான் எப்படி வேண்டாம் என்பேன்?

இறைச்சி உண்டா என்று முறையாகக் கேட்டேன். இல்லை, வெறும் சோளம், உப்பு, மாந்தேக்கா என்றாள். அதனால்தான் இத்தனை மென்மை, வெண்ணெயைத் தாராளமாகப் போட்டிருக்கிறாள் என்று கணவருக்கு விளக்கம் வேறு சொன்னேன். மூன்று தின்றேன். அவர் ஒன்றோடு நிறுத்திக்கொண்டு, சந்தேகப் புத்தியால், அந்தச் சொல்லைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாரேயன்றி வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

கிழவியின் மேல் கோபப்பட வழியில்லை. அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் துக்கம் கொருந்தாவோடு நிற்கவில்லை. கெரெத்தாரோவில் எங்கள் தெருமுனைக் கடையில் வாரந்தோறும் வாங்கும் மசித்த பயறு, எதிர்வீட்டுக்காரர் அன்போடு கொடுத்தனுப்பும் தமாலே என்ற சோளமாவுப் பண்டம், கோதுமை ரொட்டி என ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவற்றைத் தரும்போதெல்லாம் மாந்தேக்கா என்ற சொல் என் காதில் விழுந்ததும், நான் மகிழ்ந்து தலையாட்டியதும் நினைவுக்கு வந்தன. இந்த நாடு எங்களுக்கு நன்றாகப் பழகிவிட்டது, சாப்பாட்டுக்கு ஒரு குறையுமில்லை என்று ஊரிலிருந்து கேட்டவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்தவள் நான். தெரியாமல் தின்றது கணக்கில் வராது என்று கணவர் தேற்றினார். யார் வைத்திருக்கும் கணக்கு என்று அவரால் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகு அந்த ஊரில் எதைப் பார்த்தாலும் மாந்தேக்காவாகவே தெரிந்தது. 16ஆம் நூற்றாண்டில் மிச்சோவாகானின் முதல் ஆயராக இருந்த வாஸ்கோ தே கிரோகா, ஏரியைச் சுற்றியிருந்த புரேபெச்சா மக்களின் சிற்றூர்களில் ஊருக்கொரு கைத்தொழிலை ஊன்றினார் என்பார்கள். அவ்வகையில் செப்புத் தொழிலுக்குப் பெயர்போனது பக்கத்திலுள்ள சாந்தா கிளாரா. அங்கே அடித்த செப்புப் பாத்திரம் ஒன்றைக் கடையில் கண்டதும், நம் வீட்டு அண்டாவைப் போல இருக்கிறதே என்று ஆசையாகத் தட்டிப் பார்த்து, எதற்குப் பயன்படும் என்று கேட்டேன். கார்னீதாஸ் செய்ய என்றார் கடைக்காரர். பன்றிக் கறியை அதன் கொழுப்பிலேயே வேகவைக்கும் பண்டம் அது. பாத்திரத்தை வைத்த இடத்திலேயே வைத்தேன்.

இரவுக் குளிரில் கணவருக்கு இருமல் பிடித்தது. தங்கியிருந்த விடுதியின் அம்மையார், கன்னியாஸ்திரீகள் காய்ச்சும் இருமல் மருந்து கண்கண்டது என்றார். நான் இப்போது பாடம் படித்தவள் அல்லவா, அதில் என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டேன். அச்சோக்கே என்றார். இந்த ஏரியைத் தவிர வேறெங்கும் இல்லாத, கழுத்தோரம் செவுள்கள் குஞ்சம்போல் நிற்கும் நீர்ப்பல்லி வகை அது. மருந்துக்காகத் தொட்டியில் வளர்க்கத் தொடங்கிய கன்னியாஸ்திரீகளின் மடத்தில்தான், ஏரியில் அருகிவிட்ட அந்த இனம் இன்று நூற்றுக்கணக்கில் பெருகிப் பிழைத்துக் கிடக்கிறது என்பதைக் கேட்டபோது மரியாதை வந்தது. ஆனாலும் கணவருக்கு வெந்நீர்தான் கொடுத்தேன்.

நாங்கள் இந்தூக்கள், மாமிசம் உண்பதில்லை என்று நான் விளக்க, அந்த அம்மையார் பரிவோடு கோழிச்சாறு செய்து தரட்டுமா என்றார். (இந்தியாவிலிருந்து வந்தவர் எந்த மதத்தவரானாலும் இங்கே இந்தூதான்.)

ஏரியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஹானிட்சியோ தீவுக்குப் படகில் போனோம். மெக்சிகோவின் விடுதலைப் போர்த் தலைவர் மோரெலோஸ் அங்கே 40 மீட்டர் உயரச் சிலையாக நிற்கிறார். பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற வலைகளை மீனவர்கள் இப்போது மீனுக்காக அன்றிப் படம் எடுப்பவர்களுக்காக விரிக்கிறார்கள். நீர் பின்வாங்கிய கரைகளில் மாடு மேய்ந்தது. கோடையில் வற்றும் நம் ஊர்க் குளங்களைப் பார்த்த கண்ணுக்கு அது புதிதில்லை.

மனம் சற்று ஆறியது பசிலிக்கா தேவாலயத்தில்தான். அங்குள்ள ஆரோக்கிய அன்னையின் திருவுருவம் கல்லோ மரமோ அன்று. சோளத்தட்டையின் சோற்றை அரைத்த பசையால் புரேபெச்சா கைவினைஞர்கள் 16ஆம் நூற்றாண்டில் வனைந்தது. தின்பதும் சோளம், கும்பிடுவதும் சோளம். நான் கும்பிட்டேன். கணக்கை அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

கடைசி நாள் காலை மறுபடி சந்தைக்குப் போனேன். இளஞ்சோளத்தை அரைத்து அவித்த உச்சேப்போ என்ற இனிப்புப் பண்டம் விற்ற பெண்ணிடம் மாந்தேக்கா உண்டா என்றேன். பொக்கீத்தா என்றாள், ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் நெருக்கிக் காட்டியபடி. கொஞ்சூண்டு. அவளைக் கடந்து கொருந்தாக் கிழவியிடம் போனேன். அடையாளம் கண்டு சிரித்து, கூடைத் துணியை விலக்கினாள். எனக்கு இலை மட்டும் வேண்டும் என்றேன். புரியாமல் விழித்தவள், பின்னர் பக்கத்திலிருந்து ஒரு கட்டு இலை வாங்கிக் கொடுத்து, எப்படி மடிப்பது என்று என் கையைப் பிடித்து மூன்று முறை காட்டினாள்.

அன்றிரவு வீடு திரும்பியதும் அம்மாவை அழைத்தேன். அங்கே பொழுது விடிந்து காப்பி குடிக்கும் நேரம். இங்கேயும் ஓலைக் கொழுக்கட்டை இருக்கிறது, சோள மாவில் செய்கிறார்கள், சாப்பிட்டேன் என்றேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

"கருப்பட்டி போட்டிருந்தாளாட்டி?"

"இல்லம்மா, உப்புக் கொழுக்கட்டை."

"வெறும் மாவுன்னா விறைச்சுல்லா போகும். மெத்துன்னு இருக்க என்னத்த ஊத்திப் பிசையுதாங்க?"

கணவர் இருமலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெண்ணெய்ம்மா" என்றேன்.