சாம்பார் கறை போகாத டப்பா

எங்கள் வீட்டில் நீல மூடி போட்ட டப்பா ஒன்று இருந்தது. வாங்கும்போது வெள்ளை. மூன்று வருடம் சாம்பார் ஊற்றி ஊற்றி ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டது. புளி போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தேன், மொட்டை மாடி வெயிலில் கவிழ்த்து வைத்தேன். எதற்கும் அசையவில்லை. அதில் தயிர்சாதம் போட்டாலும் சாம்பார் வாசம் அடிக்கும். ஒரு நாள் அதை மோந்து பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் உறைத்தது: எண்ணெயும் மஞ்சளும் இதற்குள் போய் உட்காருகிறது என்றால், இதிலிருந்து எதுவும் சாம்பாருக்குள் வராதா?

வரும். பிளாஸ்டிக்கில் இளக்கத்துக்கு, நிறத்துக்கு, உறுதிக்கு என்று பலதையும் சேர்க்கிறார்கள். பிவிசி பிளாஸ்டிக்கை வளையவைக்கத் தாலேட் என்ற வேதிப்பொருள். கண்ணாடி மாதிரி பளபளக்கும் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக்குக்கு அடிப்படையே பிபிஏ என்ற இன்னொரு வேதிப்பொருள். இவை இரண்டும் ஹார்மோன் வேலையில் தலையிடக்கூடியவை. சூடு, எண்ணெய், புளிப்பு, கீறல் இருந்தால் கசிவு கூடும். கீறலை நாம் தேய்த்து உண்டாக்கிக்கொள்கிறோம்; மற்ற மூன்றும் சாம்பாரிலேயே இருக்கின்றன.

என் டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தது. அதாவது பாலிப்ரொப்பிலீன், பிபிஏ தேவைப்படாத ரகம். அப்பாடா என்று இருந்தது, ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். அயர்லாந்தில் இதே ரகத்தில் செய்த பால் புட்டிகளில் சுடுதண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்து, லிட்டருக்கு 1.6 கோடி வரை பிளாஸ்டிக் நுண்துகள்கள் உதிர்வதாக 2020-இல் எழுதியிருக்கிறார்கள்.

சரி, அதற்காக வீட்டிலுள்ள பிளாஸ்டிக் அத்தனையையும் தூக்கிப் போட முடியுமா? வாளியும் முறமும் துவைக்கிற சோப்பு டப்பாவும் அப்படியேதான் இருக்கின்றன. ஒரே ஒரு சட்டம் போட்டேன். சூடான எதுவும் பிளாஸ்டிக்கைத் தொடக் கூடாது. அவ்வளவுதான்.

அடுக்களைக்குள் அது சுலபமாக நடந்தது. திணறியது ஹோட்டல் பார்சலில்தான். ஞாயிறு காலை எங்கள் வீட்டில் இட்லி ஊற்றுவதில்லை, தெருமுனை ஹோட்டல்தான். கொதிக்கிற சாம்பாரைக் கவரில் ஊற்றி, காற்று நிறைய முடிச்சுப் போட்டு, பலூன் மாதிரி கொடுப்பார்கள். கையில் பிடிக்க முடியாது, அவ்வளவு சூடு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் உணவு பார்சல் கவருக்குத் தடை. தடை பாட்டுக்கு இருக்கிறது, கவர் பாட்டுக்கு வருகிறது.

அம்மா வீட்டிலிருந்து வந்த எவர்சில்வர் தூக்குவாளி பரணில் கிடந்தது. எடுத்துக் கழுவிக் கொண்டுபோனேன். பார்சல் கட்டும் அண்ணன் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அப்புறம் என் கண் முன்னாலேயே, கட்டித் தயாராக வைத்திருந்த நாலு சாம்பார் கவரை எடுத்து, கத்தரியால் மூலையை வெட்டி, வரிசையாகத் தூக்குவாளிக்குள் ஊற்றினார்.

“அண்ணே, இதுக்குத்தானே தூக்குவாளி கொண்டாந்தேன்?”

“அளவு தெரியணும்ல அக்கா. ஆறு மணிக்கே கட்டி வெச்சிருவோம்.”

அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது வாரம் கொஞ்சம் முன்னதாகவே போய், “அண்டாவிலேர்ந்து நாலு கரண்டி ஊத்துங்க, கம்மியா இருந்தாலும் பரவாயில்ல” என்றேன். கவரில் வருவதைவிட நிறையவே கிடைத்தது. இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததும் கரண்டியை எடுத்துவிடுகிறார்.

கண்ணாடி ஜாடி ஆசையிலும் கொஞ்சம் அடிபட்டேன். ஒரே மூச்சில் பத்து ஜாடி வாங்கி அடுக்கினேன். இரண்டாம் நாளே புளி ஜாடி ஈரக்கையிலிருந்து நழுவியது. சின்னவள் வெறுங்காலோடு ஓடி வர, அவளைத் தூக்கி மேடையில் உட்காரவைத்துவிட்டு ஒரு மணி நேரம் சில்லு பொறுக்கினேன். அதன்பிறகு பருப்பு, அரிசி, மாவு எல்லாம் எவர்சில்வருக்குப் போயின. உப்பையும் அதில் கொட்டி வைத்தது என் தப்பு. சில மாதத்தில் அடியில் புள்ளி புள்ளியாக அரித்திருந்தது. உப்புக்கும் ஊறுகாய்க்கும் பீங்கான் ஜாடிதான் சரி என்று பாட்டி காலத்திலேயே முடிவான விஷயத்தை நான் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டேன்.

வீட்டுக்காரருக்கு இதில் நம்பிக்கையே இல்லை. “நாப்பது வருஷமா உள்ள போனது இனிமே எங்க போகப் போகுது?” என்பார். பிபிஏ விஷயத்தில் அவர் சொல்வது தப்பு. அது உடம்பில் தங்குவதில்லை, பெரும்பகுதி ஒரு நாளுக்குள் சிறுநீரில் போய்விடும். தினமும் புதிதாக உள்ளே போவதால்தான் எப்போதும் இருக்கிறது. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 5 குடும்பங்களைச் சேர்ந்த 20 பேருக்கு மூன்று நாள் டின்னிலும் பிளாஸ்டிக்கிலும் அடைக்காத புதுச் சமையலைக் கொடுத்தார்கள். சிறுநீரில் பிபிஏ சராசரியாக 66 சதவீதம் குறைந்தது. மூன்றே நாளில்! இதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார். டீக்கடையில் பேப்பர் கப்பை விட்டுவிட்டுக் கண்ணாடி கிளாஸ் கேட்கிறாராம். பேப்பர் கப்பின் உள்ளேயும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சுதான். 100 மில்லி சூடான பானம் அதில் 15 நிமிடம் இருந்தால் சுமார் 25,000 நுண்துகள் கலப்பதாகக் கரக்பூர் ஐஐடி 2020-இல் கண்டறிந்தது.

கடைகளில் ‘பிபிஏ ஃப்ரீ’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்குவதையும் விட்டுவிட்டேன். பிபிஏவை எடுத்துவிட்டு அதன் பங்காளியான பிபிஎஸ்ஸைப் போடுவதும் உண்டு. சின்னவளுக்குக் கைக்குழந்தையில் புட்டி இல்லாமல் பாலாடையில்தான் பால் புகட்டினோம். அது அத்தையின் பிடிவாதம். அன்று அலுத்துக்கொண்டேன்.

அதே அத்தைதான் டப்பா சேர்ப்பதில் ராணி. பிரியாணி வந்த டப்பா, ஸ்வீட் வந்த டப்பா, ஐஸ்கிரீம் டப்பா. கழுவித் துடைத்து ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிவிடுவார். “நல்ல டப்பாவப் போயி குப்பையில போடுவாங்களா?” என்று அவர் கேட்கும்போது எனக்கும் மனசு வராது. கடைசியில் ஒப்பந்தம் போட்டோம்: அவற்றில் ஊசி நூல், பட்டன், கரண்ட் பில், கிளிப். சாப்பாடு மட்டும் கிடையாது.

போன வாரம் கிளிப் தேடி ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்தால் உள்ளே மோர்மிளகாய்.

“என்ன அத்தை இது?”

“காஞ்சதுதானேம்மா. சூடா இருந்தாத்தானே ஆகாதுன்னே?”

மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.