டிரெய்லர் டயருக்கு வீல் பேலன்சிங்: செய்து பார்த்த அனுபவம்

காரின் முன்சக்கரத்தில் எடை ஒரு பக்கம் கூடினால் ஸ்டீயரிங் நடுங்கும். உடனே கடைக்குப் போய், ரிம்மில் சிறு எடைக்கட்டிகளை வைத்து அதைச் சமன்படுத்தும் பேலன்சிங்கைச் செய்துவிடுவோம். பின்னால் இழுத்துச் செல்லும் பயண டிரெய்லரின் சக்கரம் துள்ளினால் நமக்குத் தெரியவே தெரியாது. டிரெய்லருக்கு எதற்குப் பேலன்சிங், ஓடும்போது அதில் யாரும் உட்காருவதில்லையே என்று பலரும் கேட்கிறார்கள். யாரும் உட்காராததால்தான் அதைச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என் டிரெய்லருக்குள் இருக்கும் மேல் அலமாரியின் கீல் திருகுகள் எத்தனை இறுக்கினாலும் நீண்ட பயணத்துக்குப் பின் தளர்ந்து நின்றன. டயரைச் சுற்றி உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். வலப்பக்க டயரில் மேடும் பள்ளமும் மாறி மாறிக் கையில் தட்டுப்பட்டன. காற்று குறைந்தால் இரண்டு ஓரங்களும் தேயும், மிகுந்தால் நடுப்பகுதி தேயும், ஆக்சில் வளைந்திருந்தால் பெரும்பாலும் ஓர் ஓரம் மட்டும் தேயும். இப்படி இடம் விட்டு இடம் குழி விழுந்தால் சக்கரம் துள்ளியிருக்கிறது என்று பொருள். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் இப்படி ஆகலாம் என்பதால், ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. பல டிரெய்லர்களில் பட்டை ஸ்பிரிங்கோடு சரி, ஷாக் அப்சார்பர் கிடையாது. துள்ளத் தொடங்கிய சக்கரம் எளிதில் அடங்காது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். 15 அங்குல ரிம்மின் விளிம்பில் 50 கிராம் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறை சுற்றும். அந்த 50 கிராம் ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 5 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் ஆக்சிலை இழுக்கும். வேகம் பாதியானால் இந்த விசை கால்பங்காகிவிடும்.

அதனால் பேலன்சிங்குக்கு முன்னும் பின்னும் அளந்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதிர்வைப் பதிவு செய்யும் செயலியைக் கைபேசியில் ஓடவிட்டு, ஆக்சிலுக்கு நேர் மேலே டிரெய்லரின் உள்தரையில் ஒட்டி வைத்தேன். அதே சாலை, அதே சுமை, அதே காற்றழுத்தம்.

கடையில் நான் மிகவும் கவனித்தது சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டும் முறையை. பெரும்பாலான கார் சக்கரங்களை நடுத்துளைதான் ஹப்பில் (சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியில்) மையப்படுத்துகிறது. டிரெய்லர் சக்கரங்களில் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்பவை நட்டுகள். நடுத்துளையில் கூம்பைச் செருகி இறுக்கினால் இயந்திரத்தின் மையம் ஒன்றாகவும் ஆக்சிலின் மையம் வேறாகவும் போகக்கூடும். நட்டுத் துளைகளில் பொருந்தும் முள்தட்டு வேண்டும் என்று கேட்டு அதில் மாட்டச் சொன்னேன். சோதிக்க ஓர் எளிய வழியும் உண்டு. பேலன்ஸ் ஆன சக்கரத்தைக் கழற்றி, அரைச்சுற்றுத் திருப்பி மாட்டி மறுபடி சுழற்ற வேண்டும். அளவு மாறினால் மாட்டியதில் கோளாறு. எனக்கு மாறவில்லை.

வலப்பக்கச் சக்கரம் 90 கிராம் கேட்டது. அவ்வளவு எடையையும் ஒரே இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. டயரை ரிம்மின் மேல் அரைச்சுற்றுத் திருப்பிப் பொருத்தச் சொன்னேன். 35 கிராமில் முடிந்தது. இடப்பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை.

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் முன்னும் பின்னும் வித்தியாசமே தெரியவில்லை. 90இல், செயலியின் வரைபடத்தில் நொடிக்கு 11 என்ற இடத்தில் கோபுரமாக எழுந்து நின்ற கோடு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. சாலைப் பள்ளங்களின் குலுக்கல் அப்படியேதான் இருக்கிறது. அதற்கும் பேலன்சிங்குக்கும் தொடர்பில்லை. கீல் திருகுகள் இப்போது இறுக்கமாக நிற்கின்றன.

நெடுஞ்சாலையில் நெடுந்தொலைவு இழுப்பவர்களுக்கு இது நிச்சயம் தகும். பக்கத்து ஊருக்கு மெதுவாகச் சாமான் ஏற்றிப் போகும் சிறு டிரெய்லருக்கு நான் வற்புறுத்த மாட்டேன். ஆனால் காற்றழுத்தம், சுமை, டயரின் வயது ஆகிய மூன்றும் இதைவிட முக்கியம். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். பழைய டயரை எத்தனை துல்லியமாகப் பேலன்ஸ் செய்தாலும் வெடிப்பதைத் தடுக்க முடியாது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், 80 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) மறுபடி சரிபார்த்துவிடுங்கள்.

வலப்பக்க டயரில் சிறு இரைச்சல் மட்டும் மிச்சம். விழுந்த குழியை எடைக்கட்டி நிரப்பாது. அந்த டயரை மாற்றப் போகிறேன், புதியதை ரிம்மில் ஏற்றும்போதே பேலன்சும் செய்துவிடுவேன்.