தரம் 1க்கு எத்தனை பிள்ளை? தோட்டத்துக் கணக்கை எங்கே தொடங்குவது

இலங்கை மலையகத்தில் தோட்டத்துப் பாலர் பாடசாலைக்கு இன்னொரு டீச்சர் வேண்டும், கூரை மாற்ற வேண்டும் என்று எங்கே போய்க் கேட்டாலும் முதலில் வருவது "எத்தனை பிள்ளைங்க?" என்ற கேள்விதான். தோட்ட ஆபீஸ் ஒரு எண்ணிக்கை சொல்லும். பிள்ளை மடுவத்தில் (வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்க்கிற இடம்) வேறொன்று. பாடசாலை அதிபரிடம் மூன்றாவது. யாரும் பொய் சொல்லவில்லை, எண்ணுகிற பிள்ளைகள்தான் வேறு வேறு.

ஆபீஸ் எண்ணுவது செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பதிவில், பேர் உள்ளவர்களின் பிள்ளைகளை. இன்றைக்கு லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற குடும்பங்களில் பல தோட்டத்தில் வேலை செய்வதில்லை. அப்பா கொழும்பில் கடையில், அம்மா கார்மென்ட்ஸில் அல்லது வெளிநாட்டில், பிள்ளை பாட்டியிடம். அந்தப் பிள்ளை ஆபீஸ் கணக்கில் வராது. மடுவத்து இடாப்பில் ஜனவரியில் பேர் பதிந்து மார்ச்சில் நின்றுவிட்ட பிள்ளையும் இருக்கும். அதிபருக்கோ, தரம் 1 வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கிற அலுவலகம் இல்லாதது நிர்வாகம் பிரிந்து கிடப்பதன் விளைவு. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி முன்பள்ளி மாகாண சபையின் விடயம். பிள்ளை மடுவங்களான தோட்டத்துச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களோ கம்பனிகளும், 1992இல் உருவான பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் பார்ப்பவை. டவுனில் கோயில், சேர்ச், தனியார் நடத்துபவை தனி. வலயக் கல்வி அலுவலகத்தின் கணக்கு தரம் 1இல்தான் தொடங்குகிறது.

அதனால் மிட்வைப்பின் (மருத்துவிச்சியின்) பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். பிறந்த பிள்ளை எந்தக் குடும்பம், அப்பா எங்கே வேலை என்று பார்க்காமல் பதிவாகிற இடம் அது. ஒரு குறை உண்டு: 3 வயது எம்.எம்.ஆர் ஊசிக்குப் பிறகு அடுத்த ஊசி 5 வயதில்தான். இடையில் எடை பார்க்க வராத பிள்ளை ஊரிலேயே இருக்கிறதா, போய்விட்டதா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. பாலர் பாடசாலை வயதும் சரியாக அந்த இரண்டு வருஷம்தான். பதிவேட்டைப் பிரதி எடுத்து அதையே முடிவாக எழுதினால் எண்ணிக்கை கூடிப்போவது இதனால்தான்.

வயதுக் கணக்கில் அடிக்கடி பிழைப்பது ஜனவரி. ஜனவரி 31இல் 5 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆக 2027 தரம் 1க்கு உரிய பிள்ளைகள் 2021 பெப்ரவரி 1 முதல் 2022 ஜனவரி 31 வரை பிறந்தவர்கள். "2021இல் பிறந்தவர்கள்" என்று வருஷத்தை மட்டும் பார்த்தால், 2022 ஜனவரியில் பிறந்த பிள்ளையை விட்டுவிடுவீர்கள், 2021 ஜனவரியில் பிறந்து ஒரு வருஷம் முன்பே போகவேண்டிய பிள்ளையைச் சேர்த்துவிடுவீர்கள். சிறிய தோட்டத்தில் இரண்டு மூன்று பிள்ளை மாறினாலே வகுப்பின் கதை மாறிவிடும்.

ஒரு சிஆர் கொப்பி (தடித்த அட்டைக் கொப்பி) போதும். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் உள்ளபடி பேர், பிறந்த திகதி, கிளினிக் அட்டை இலக்கம், அம்மா பேர், டிவிசன் (தோட்டத்தின் பிரிவு), லயம், காம்பரா (லயத்து வீடு), இப்போது யாரிடம் வளர்கிறது, எங்கே படிக்கிறது. கூப்பிடுகிற பேரை மட்டும் எழுதாதீர்கள். ஒரே லயத்தில் இரண்டு கவிஷான் இருப்பான், அப்பா பேரின் முதலெழுத்தும் ஒன்றாக இருக்கும். திகதியும் அட்டை இலக்கமும்தான் பிரித்துக் காட்டும்.

பிறகு லயம் லயமாக நடக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற நேரம் போனால் கதவு பூட்டியிருக்கும். ஞாயிறு நல்லது. ஸ்கூல் வான் ஓட்டுகிறவரையும் விசாரியுங்கள், டவுன் நேர்சரிக்குப் போகிற பிள்ளைகள் அவருக்கு விரல்நுனி. பிள்ளைகளின் வரவைப் பார்ப்பதானால் மழையைக் கவனியுங்கள். ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜூன், ஜூலையிலும், பதுளை, பசறைப் பக்கம் நவம்பர், டிசம்பரிலும் எடுத்த வரவு மழையின் வரவு.

கொப்பி நிரம்பியதும் எண்ணிக்கையை விட "எங்கே படிக்கிறது" என்ற கட்டத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வானில் டவுனுக்குப் போகிறவர்கள் அதிகமென்றால் பெற்றோர் மடுவத்தைப் பிள்ளை பார்க்கிற இடமாக மட்டும் நினைக்கிறார்கள், அங்கே படிப்பு நடப்பதாக நம்பவில்லை. வீட்டில் இருப்பவர்கள் அதிகமென்றால் தூரம், பாதை, அல்லது "செக்ரோலில் இல்லாதவங்க பிள்ளையை எடுக்க மாட்டாங்க" என்ற எண்ணம். பல இடங்களில் இது கேட்டுப் பார்க்காமலே பரவிய எண்ணம். முதலாவதற்கு டீச்சருக்குப் பயிற்சி கேட்க வேண்டும், இரண்டாவதற்குத் தோட்டத் துரையுடன் (மானேஜருடன்) பேச வேண்டும். மொத்த எண்ணை மட்டும் கொண்டுபோனால் இரண்டுக்கும் ஒரே பதில் வரும்: பிள்ளை குறைவு.

பிள்ளை குறைவதும் உண்மைதான். நாடு முழுக்க 2019இல் ஏறத்தாழ 3 லட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள், 2023இல் ஏறத்தாழ 2 லட்சத்து 48 ஆயிரம். 2023இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் தரம் 1க்கு வருவது 2029இல். எனவே வகுப்பு சுருங்கினால் உடனே டவுன் பாடசாலையைத் திட்டாதீர்கள். கொப்பியில் அந்த வயதுப் பிள்ளைகளே குறைவா, இருந்தும் வரவில்லையா என்று பாருங்கள். ஆசிரியர் எண்ணிக்கை மாணவர் தொகையை வைத்துத்தான் தீர்மானமாகிறது, இந்த வித்தியாசத்தை வலயத்தில் காட்டத் தெரிய வேண்டும்.

கடைசிக் கட்டமாக, சாட்சிப்பத்திரம் கையில் உண்டா என்று ஒரு கோடு போடுங்கள். 3 மாதம் தாண்டிப் பதிகிற பிறப்புக்குத் தனி நடைமுறை, அலைச்சல் அதிகம். பேர் எழுத்துப் பிழையும் விண்ணப்ப நேரத்தில்தான் கண்ணில் படும். டவுன் பாடசாலைக்கு விண்ணப்பிக்கிறவர்களுக்கு இன்னொன்று: வசிக்கிற இடத்துக்குக் கொடுக்கிற வதிவிடப் புள்ளிக்குக் காணி உறுதி கேட்பார்கள், லயத்துக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. அதனால் வாக்காளர் இடாப்பில் பெற்றோர் பேர் இருக்கிறதா என்று பிள்ளைக்கு 3 வயதாகும்போதே கிராம உத்தியோகத்தரிடம் பார்த்துவைக்கச் சொல்லுங்கள்.