65 டிகிரியில் தாக்குப்பிடிக்கும் நொதி

பீர் வடிப்பதற்காக முளைக்கவைத்து உலர்த்திய மால்ட் பார்லியின் தரத்தை, மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகளின் மொத்த வலிமையைக் காட்டும் 'டயஸ்டாடிக் திறன்' என்ற ஓர் எண்ணைக் கொண்டு அளப்பது நெடுநாள் வழக்கம். அந்த எண் முக்கியமானதுதான், ஆனால் போதுமானதன்று என்பது என் உறுதியான கருத்து. 1833இல் பிரான்சில் பாயன், பெர்சோ என்ற வேதியியலாளர்கள் மால்ட்டிலிருந்து பிரித்தெடுத்த டயஸ்டேஸ் என்ற பொருள் உண்மையில் பல நொதிகளின் கலவை. அவற்றுள் ஆல்ஃபா-அமைலேஸ், பார்லி முளைக்கும்போது புதிதாக உருவாகிறது. பீட்டா-அமைலேஸோ கதிரில் மணி பால் பிடித்து முற்றும் பருவத்திலேயே சேர்ந்துவிடுகிறது. அதில் ஒரு பகுதி பிற புரதங்களோடு பிணைந்து கிடந்து, முளைவிடும்போது விடுபடுகிறது.

ஈஸ்ட் விரும்பி உண்ணும் மால்டோஸ் என்ற சர்க்கரையில் பெரும்பங்கைத் தருவது இந்த பீட்டா-அமைலேஸ்தான். சிக்கல், அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது உள்ள வெப்பத்தில் இருக்கிறது. பார்லியின் மாவுச்சத்து ஏறத்தாழ 60 முதல் 65 டிகிரி செல்சியஸில்தான் வெந்து கூழாகி, நொதிகள் எளிதில் தாக்கக்கூடிய நிலையை அடைகிறது. ஆனால் அதே 65 டிகிரியை எட்டும்போது பீட்டா-அமைலேஸ் வேகமாகச் செயலிழக்கத் தொடங்குகிறது. வேலை கைக்கு வரும் நேரத்தில் வேலையாள் சாய்ந்துவிடுகிறான். ஆகவே நொதி எவ்வளவு இருக்கிறது என்பதோடு, அந்த வெப்பத்தில் எத்தனை நிமிடம் தாங்குகிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதற்கான விடை, பார்லியின் 4H குரோமோசோமில் உள்ள, பீட்டா-அமைலேஸை உருவாக்கும் Bmy1 என்ற மரபணுவில் இருக்கிறது. பயிரிடப்படும் பார்லியில் இந்த மரபணுவின் மூன்று வடிவங்கள் பரவலாகக் காணப்படுகின்றன: வெப்பம் குறைவாகத் தாங்கும் Sd2L, நடுத்தரமான Sd1, நன்கு தாங்கும் Sd2H. பார்லி ரகங்களில் ஜப்பானின் ஹருனா நிஜோ Sd2H வகையையும், கனடாவின் ஹாரிங்டன் Sd1 வகையையும் சேர்ந்தவை. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த இந்தப் புரதத்தில், 233ஆம் இடத்தில் வேலினுக்குப் பதில் அலனைனும், 347ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் செரினும் அமைந்தால் நொதியின் வெப்பம் தாங்கும் திறன் கூடுகிறது. இவ்வளவு சிறிய மாற்றம், ஊறலில் எவ்வளவு சர்க்கரை நொதிக்கத் தக்கதாக மாறும் என்பதையே பாதிக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பூட்டுகிறது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. டயஸ்டாடிக் திறன் பொதுவாக மணியின் புரத அளவோடு சேர்ந்தே உயர்கிறது. புரதம் மிகுந்தால் மாவுச்சத்தின் பங்கு குறைந்து, மால்ட்டிலிருந்து கிடைக்கும் சாறும் குறையும். பீர் கலங்கும் வாய்ப்பும் அதிகரிக்கும். நொதியின் அளவைக் கூட்டாமல் அதன் தாங்குதிறனை மட்டும் உயர்த்தினால் இந்த இழப்பு நேராது.

மேற்காசியக் காட்டுப் பார்லியில் கண்டறியப்பட்ட Sd3 என்ற வடிவம், Sd2H வடிவத்தையும் விஞ்சி வெப்பம் தாங்குகிறது. ஆனால் காட்டுப் பார்லியின் கதிர் முற்றியதும் தானாக உடைந்து மணிகளை உதிர்த்துவிடும். எனவே காட்டுப் பார்லியையும் பயிர்ப் பார்லியையும் கலந்து பெற்ற கலப்பினத்தைப் பயிர்ப் பார்லியோடு மீண்டும் மீண்டும் கலந்து, அந்த மரபணுத் துண்டை மட்டும் தக்கவைக்க வேண்டியிருக்கிறது. நாற்றின் இலைத் துணுக்கிலுள்ள டி.என்.ஏ.வைச் சோதித்தே எந்தச் செடி அந்த வடிவத்தைப் பெற்றிருக்கிறது என்று அறியலாம் என்பதால், இதற்காக அறுவடைவரை காத்திருக்கத் தேவையில்லை.