தோட்டத்துப் பிள்ளைகளின் ஓட்டு எந்தப் பட்டியலில்?

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ் இளைஞர்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. 2015-ல் போனஸ் குறைப்பை எதிர்த்து மூணாறு டவுனில் உட்கார்ந்த ‘பெம்பிளை ஒருமை’ என்ற தோட்டத் தொழிலாளர் அமைப்பின் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் சேர்க்கவில்லை. அன்று பள்ளிக்கூடத்தில் இருந்த பிள்ளைகள்தான் இன்று புது வாக்காளர்கள். கட்சிக்கொடி பிடிக்கத் தயங்குகிறார்களே தவிர, பணி ஓய்வு பெற்றால் கம்பெனி கொடுத்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருப்பதும், சாதிச் சான்றிதழுக்கு 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்த ஆதாரம் கேட்பதும் அவர்களுக்கு அத்துப்படி.

சிக்கல் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. படிப்பு தேனியிலோ கோவையிலோ. கல்லூரி முகாமில், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 ஒன்றை எழுதிக் கொடுக்கிறார்கள். ஊருக்கு வந்ததும் பூத் ஏஜென்ட் இன்னொரு படிவம் 6 நீட்டுகிறார். பெயர் இரண்டு மாநிலத்திலும் ஏறிவிடுகிறது. ஒருவர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை என்று 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் சொல்கிறது. எங்குமே பெயர் இல்லாதவருக்குத்தான் படிவம் 6. முகவரி மாறியவருக்குப் படிவம் 8. விடுதியில் தங்கிப் படிப்பவர் விடுதி முகவரியையோ பெற்றோர் வீட்டையோ தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. மாணவர் என்பதற்காகத் தபால் ஓட்டும் கிடையாது. ஓட்டுப் போடும் நாளில் எந்த ஊருக்குப் போக முடியும் என்று யோசித்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இரண்டு மாநிலத்துக்கும் எப்போதும் ஒரே நாளில் ஓட்டுப்பதிவு நடப்பதில்லை: 2024 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டுக்கு ஏப்ரல் 19, கேரளத்துக்கு ஏப்ரல் 26. 2021 சட்டமன்றத் தேர்தலில் இரண்டுக்கும் ஒரே நாள், ஏப்ரல் 6.

17 வயது முடிந்தவுடனே விண்ணப்பம் போட்டு வைக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளில் எது 18 நிறைந்த பிறகு முதலில் வருகிறதோ, அதை வைத்துப் பெயர் ஏறும். லயத்து வீடு கம்பெனியுடையது என்பதால் முகவரிச் சான்றில் தடுமாறுகிறார்கள். ஆதாரிலோ வங்கிப் பாஸ்புக்கிலோ அந்த முகவரி இருந்தால் போதும். எதுவும் இல்லையென்றால் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) நேரில் வந்து பார்ப்பார். அதே முகவரியில் ஏற்கெனவே பட்டியலில் உள்ள அம்மா அல்லது அப்பாவின் வாக்காளர் அட்டை எண்ணைப் படிவத்தில் மறக்காமல் எழுதுங்கள். தனிக் குடும்பப் பெயர் இல்லாத நம் ஆட்கள் இனிஷியலைப் பள்ளிச் சான்றிதழில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி வைத்திருக்கிறோம். முதலில் அதை ஒன்றாக்குங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பெரும்பாலும் பிந்திவிடும்.

பஞ்சாயத்துத் தேர்தலுக்கு இந்தச் சட்டமன்ற, மக்களவைப் பட்டியல் செல்லாது. கேரள மாநிலத் தேர்தல் ஆணையம் தனியாகப் பட்டியல் வைத்திருக்கிறது. சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்ட பலர் அங்கே பெயரில்லாமல் திரும்புகிறார்கள். உள்ளாட்சியில் 21 வயதில் போட்டியிடலாம். 2020-ல் ஆர்யா ராஜேந்திரன் அந்த வயதில்தான் திருவனந்தபுரம் மேயரானார். நிற்க நினைப்பவரின் பெயரும் அந்தப் பஞ்சாயத்துப் பட்டியலில் இருந்தாக வேண்டும்.