ஏடிவி முன் பிரேக் மெத்தென்று அமுங்கினால்

ஏடிவியின் (கரடுமுரடான பாதையில் ஓடும் நாலு சக்கர வண்டி) முன் பிரேக் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது என்றால், உடனே சக்கரத்தில் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரில், காற்றை வெளியேற்ற உள்ள நிப்பிளைத் திறந்து பாட்டில் பாட்டிலாக பிரேக் ஆயிலைக் காலி செய்ய வேண்டாம். முதலில் லீவரைப் பிடித்துப் பாருங்கள்.

நாலைந்து முறை வேகமாக அடித்ததும் இறுகினால், லைனில் காற்று இருக்கிறது; அல்லது பேடு டிஸ்க்கை விட்டு விலகி நிற்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே லீவர் மெதுவாக இறங்கிக்கொண்டே போய், வெளியே கசிவும் இல்லையென்றால், லீவரோடு இருந்து ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் சீல் போய்விட்டது. அதற்கு எவ்வளவு ஏர் எடுத்தும் (லைனில் உள்ள காற்றை வெளியேற்றியும்) பயனில்லை, சீல் கிட் மாற்றத்தான் வேண்டும். காலையில் நன்றாகப் பிடித்த பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடானதும் மெத்தென்று ஆனால், ஆயில் ஈரம் இழுத்திருக்கிறது. புது டாட் 4 (DOT 4, பிரேக் ஆயிலின் ஒரு தர வகை) ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 155 வரைகூட இறங்கலாம்.

ஏர் எடுத்தும் சரியாகாத வண்டிகளில் காற்று பெரும்பாலும் மேலேதான் ஒளிந்திருக்கும். நாம் ஆயிலைக் கீழே தள்ளுகிறோம், குமிழியோ மேலே ஏறப் பார்க்கிறது. மாஸ்டர் சிலிண்டர் சின்னது. ஒரு அழுத்தில் போகும் ஆயில் கொஞ்சம். அதனால் குமிழி பாதி வழி இறங்கித் திரும்ப ஏறி, ஹோஸ் தொடங்கும் இடத்தில் அதை இணைக்கும் பான்ஜோ போல்ட்டில் உட்கார்ந்துவிடும்.

ஆகவே அங்கிருந்து தொடங்குங்கள். ஆயில் டப்பா மட்டமாக நிற்கும்படி ஹேண்டில்பாரைத் திருப்பி, மூடியைக் கழற்றி, லீவரை ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மட்டும் மெல்லத் தட்டுங்கள். டப்பாவின் அடியில் உள்ள நுண்துளை வழியே ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரும், நிற்கும்வரை தட்டுங்கள். பிறகு பான்ஜோவைத் துணியால் சுற்றி, லீவரை அழுத்தியபடி போல்ட்டைச் சற்றே தளர்த்தி, லீவரை விடும் முன் இறுக்குங்கள். அந்த போல்ட்டை முழுசாகக் கழற்றினால் இரண்டு வாஷரையும் புதிதாகப் போடுங்கள், பழசு கசியும்.

அடுத்து காலிப்பர்கள், தூரத்தில் உள்ளது முதலில். நிப்பிளில் தெளிவான டியூப், மறுமுனை ஆயிலுக்குள். அழுத்து, கால் சுற்று திற, மூடு, லீவரை விடு. டப்பாவில் ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கீழே போகவே கூடாது. வேக்யூம் பம்ப் வைத்தால் நிப்பிள் மரை வழியாகவும் காற்று வரும்; ஓயாத குமிழியைப் பார்த்து லைனைச் சந்தேகிக்க வேண்டாம். அப்படியும் அடங்காவிட்டால், டப்பாவில் ஆயிலைக் குறைத்துவிட்டு, சிரிஞ்சால் நிப்பிள் வழியே கீழிருந்து மேலே தள்ளுவதுதான் என் தேர்வு.

நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இடது வலது மாற்றி மாட்டியிருந்தால் அது கீழே போய்விடும், காற்று ஒருநாளும் வெளியேறாது.

காற்றே இல்லாமலும் லீவர் அமுங்கும். சேற்றில் ஓடும் வண்டியில் காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின் இறுகிவிட்டால், ஒருபக்கப் பேடு மட்டும் தள்ளி டிஸ்க்கையே வளைக்கும். பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். சாதா கிரீஸ் ரப்பரை உப்ப வைக்கும். வீல் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் டிஸ்க் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும். மேடுபள்ளத்தில் ஓட்டியபின் முதல் அழுத்து மட்டும் ஆழமாகப் போவது இதனால்தான். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டப்பா மூடியில் டாட் 4 என்றிருந்தால் அதையே ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5 அதோடு சேராது. பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.